தக்காளிக்கு யார் முந்துவது? கம்பம்மெட்டில் அணிலோடு மல்லுக்கட்டு!

கம்பத்தில் ஏறிய ஜீப்பு வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கி மெட்டைத் தொடும்போது முகத்தில் குளிர்காற்று அறைகிறது. திரும்பிப் பார்த்தால் கீழே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் பள்ளத்தாக்கு, வயலும் தென்னையும் திராட்சைப் பந்தலுமாகப் பச்சைப் பாய் விரித்தது போலக் கிடக்கிறது. முன்னால் பார்த்தால் ஏலக்காடு. நடுவிலே சோதனைச் சாவடி. அந்தப் பக்கம் தேனி மாவட்டம், இந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம்.

விடியற்காலையில் கீழேயிருந்து ஜீப்புகளில் நெருக்கியடித்துக் கொண்டு ஏலத்தோட்ட வேலைக்கு ஏறி வந்து, பொழுது சாய இறங்கிப் போகிறவர்கள் பலர். இறங்காமல் இங்கேயே லயங்களிலும் வாடகை வீடுகளிலும் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு. இந்தக் குடும்பங்களின் வாசலில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். பழைய உரச்சாக்கு, விளிம்பு உடைந்த பிளாஸ்டிக் வாளி, அடி ஓட்டையான அண்டா இவற்றில் மண் நிரப்பி, எட்டோ பத்தோ தக்காளிச் செடி. குச்சி ஊன்றி, பழைய சேலைக் கிழிசலால் கட்டி நிறுத்தியிருப்பார்கள்.

மலையில் ஏலம் விளைகிறது, மிளகு விளைகிறது, காப்பியும் விளைகிறது. ஆனால் ரசத்துக்குக் கரைக்கும் தக்காளி பெரும்பாலும் கீழேயிருந்து லாரியேறி வர வேண்டியிருக்கிறது. சின்னமனூர்ப் பக்கமோ ஒட்டன்சத்திரம் சந்தையோ விலை ஏறினால் மெட்டில் அதற்கு மேல் வண்டிக் கூலியும் சேர்ந்து ஏறும். 2023 ஜூலையில் நாடு முழுவதும் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதே, அப்போது வாசலில் நாலு செடி வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். வைக்காதவர்கள் புளியை மட்டும் நம்பிக் குழம்பு வைத்தார்கள்.

அந்த நாலு செடிக்குத்தான் இப்போது வில்லங்கம்!

மெட்டிலுள்ள ஒரு வீட்டுக்காரம்மாளின் கதையைக் கேட்டால் எல்லார் கதையும் விளங்கிவிடும். ஏலக்காட்டில் காய் எடுக்கும் வேலை. மாலை வந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றி வளர்த்த செடி பன்னிரண்டு. இந்த மலையின் புளித்த மண்ணில் தக்காளிக்கு முதல் எமன் வாடல் நோய். காலையில் நின்ற செடி மாலையில் தொங்கிவிடும். அதில் நாலு செடி போயிற்று. மீதி எட்டும் பிழைத்துப் பூத்துக் காய்த்து, கொத்துக் கொத்தாகப் பழுக்கத் தொடங்கின. 'நாளைக்குப் பறிக்கலாம்' என்று அந்த அம்மாள் விட்டுவைத்தார். மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், சிவந்த பழம் ஒவ்வொன்றிலும் ஒரு கடி! ஒரு பழத்தையாவது முழுசாகத் தின்று தொலைத்ததா? இல்லை. இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய். தரையெல்லாம் விதை.

ஏலக்காட்டிலும் இதே அணில்தான் பழுத்த ஏலக்காயை உரித்துத் தின்கிறது. அங்கே தின்றால் முதலாளி கணக்கு. வாசலில் தின்றால் வீட்டுக் கணக்கு. வயிற்றெரிச்சல் வேறாகத்தானே இருக்கும்!

குற்றவாளி யார்?

மருந்து தேடுவதற்கு முன் கடித்தது யார் என்று பார்க்க வேண்டும். பாதிப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். எலி செய்த வேலைக்கு அணிலையும், குருவி செய்த வேலைக்கு எலியையும் வைது கொண்டிருக்கிறார்கள்.

அணில் பகல் பிராணி. விடிந்து வெயில் வந்த பிறகு இறங்கும். உச்சிப் பொழுதில் நிழலில் ஒதுங்கும். மாலையில் மறுபடி வரும். விளக்கு வைத்தபின் அதற்கு வேலையில்லை. ஆகவே, படுக்கப் போகும்போது முழுசாக இருந்த பழம் விடியுமுன் கடிபட்டுக் கிடந்தால் அது எலியின் கைவரிசை. இதைச் சோதிக்கக் காசு செலவில்லை. அந்தியில் ஒரு முறை பழங்களை எண்ணி வைத்துக் கொண்டு, பொழுது புலர்ந்ததும் ஒரு முறை எண்ணிப் பார்த்தால் போதும்.

கூம்பு போலக் குழித்துக் கொத்தியிருந்தால் கொண்டைக்குருவி. அளவெடுத்துத் துளைத்தாற்போல ஒரே ஒரு வட்ட ஓட்டை, உள்ளே கழிவும் ஈரமும் இருந்தால் காய்ப்புழு. புழுவுக்கு அணில் வைத்தியம் செய்து பயனில்லை.

இடுக்கியில் வீட்டுக்கு வீடு கோக்கோ வைத்தவர்களுக்கு இந்தத் துப்பறியும் வேலை ஏற்கெனவே பழக்கம். கோக்கோக் காயை எலி காம்பை ஒட்டிக் கொறிக்கும், அணில் நடு வயிற்றில் கொறிக்கும் என்று வேளாண் துறையினர் சொல்லிக் கொடுத்த பாடம் அது. தக்காளியில் அவ்வளவு சுத்தமாக அடையாளம் தெரியாது. பழம் மெதுவானது, இரண்டு கடியில் உருக்குலைந்துவிடும். ஆகையால் பல் அடையாளத்தை விட நேரந்தான் நம்பகமான சாட்சி.

ராமர் தடவிய முதுகு

எலி என்றால் பொறி வைக்கலாம், யாருக்கும் மனம் உறுத்தாது. அணிலிடம் அப்படி முடிவதில்லை. கம்பம்மெட்டுக்குச் சற்றுத் தள்ளி, காற்றாலைகள் சுழலும் ராமக்கல்மேடு இருக்கிறது. சீதையைத் தேடி வந்த ராமர் அங்கே பாறைமேல் கால் வைத்தார் என்பது அவ்விடத்து ஐதீகம். அதே ராமர் சேது கட்டும்போது மணலில் புரண்டு மண் சுமந்த அணிலைத் தடவிக் கொடுத்த கதையைச் சொல்லித்தான் நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சோறூட்டுகிறோம். பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மாவும் 'அண்ணாறக்கண்ணனும் தன்னாலாயது' என்று பழமொழி சொல்கிறார். இரண்டு பாஷையிலும் அணில் நல்ல பிள்ளை! தக்காளியைக் கடித்த பிறகும் அதை அடிக்கக் கை ஓங்க மாட்டேன் என்கிறது.

முதுகில் மூன்று கோடு போட்ட இந்தச் சிற்றணில் ஏறத்தாழ நூறு கிராம் எடைதான். இந்த மலைக்காட்டில் இதன் உறவுக்காரனான காட்டணில் ஒன்றும் உண்டு. கொஞ்சம் கருத்த நிறம், ஏலத்துக்கும் கோக்கோவுக்கும் அதனாலும் சேதம். பெரிய மலையணில் வேறு ரகம். உயரமான மரக்கிளையில் செம்பழுப்பும் கறுப்புமாக, நீண்ட வாலோடு தாவும். அதன் மேல் கை வைத்தால் 1972-ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பாயும்.

விஷம் வைப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். லயத்து வாசலில் வைக்கும் விஷம் அணிலுக்கு முன்னால் கோழியையும் குழந்தையையும்தான் சேரும். பியூரடான் போன்ற கொடிய மருந்துகளைக் கேரள அரசு 2011-லேயே தடை செய்துவிட்டது. எங்கோ மூலையில் பழைய பொட்டலம் கிடந்தாலும் அதை எடுத்துச் சோற்றில் பிசையும் எண்ணம் கூடாது. கம்பியில் மின்சாரம் விடுவது அதைவிட மோசம். அணிலுக்கென்று விட்ட மின்சாரம் மனிதரையும் கொல்லும்.

மிளகாய் வைத்தியம்

வீட்டு வைத்தியத்தில் முதலிடம் மிளகாய்க்கு. பத்துப் பதினைந்து காய்ந்த மிளகாய், ஒரு முழுப் பூண்டு இரண்டையும் இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப் போடுகிறார்கள். மறுநாள் பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டி, காயில் ஒட்டிப் பிடிக்கத் துளி சோப்புக் கரைத்து, கைத்தெளிப்பானில் அடிக்கிறார்கள். வடிகட்டாமல் ஊற்றினால் தெளிப்பானின் வாய் அடைத்துக் கொள்ளும். வெயிலில் அடித்தால் சோப்பு இலையைச் சுட்டுவிடும். ஆகவே மாலையில் அடிக்க வேண்டும், முதலில் ஒரே ஒரு கிளையில் அடித்து ஒருநாள் பார்த்துக் கொள்ள வேண்டும். மெட்டுக் காற்றின் குணம் தெரிந்தவர்கள் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுதான் அடிக்கிறார்கள். தெரியாதவர்கள் கண்ணைக் கசக்கிக் கொண்டு நிற்கிறார்கள்.

இது வேலை செய்யுமா? செய்யும், சில நாளைக்கு. மிளகாயின் காரம் பாலூட்டிகளின் வாயைத்தான் எரிக்கும். பறவைகளுக்கு அது உறைப்பதேயில்லை. கிளி மிளகாய்ப் பழத்தை ருசித்துத் தின்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அமெரிக்காவில் பறவைகளுக்கு வைக்கும் தீனியில் மிளகாயைக் கலந்து விற்கிறார்களாம். பறவை தின்னும், அணில் ஓடும்! ஆகவே கடிப்பது அணிலென்றால் மிளகாய்க்குப் பலன் உண்டு. கொத்துவது கொண்டைக்குருவியென்றால் மிளகாய் வீண்.

கஷ்டம் என்னவென்றால், ஒரு மழை பெய்தால் எல்லாம் கழுவிப் போய்விடும். மழை இல்லாவிட்டாலும் நாலைந்து நாளில் காரம் குறையும், புதிதாகப் பெருத்த காயில் மருந்தே இருக்காது. திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். மிளகாய் விலையையும் கணக்கில் சேர்த்தால், எட்டுச் செடிக்கு வாராவாரம் அடிப்பது கட்டுமா என்பதை ஒவ்வொரு வீடும் தானே பார்த்துக் கொள்ள வேண்டியதுதான். அடித்த பழத்தை நன்றாகக் கழுவாமல் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடக் கூடாது.

பெருங்காயத் தண்ணீர், வேப்பெண்ணெய், கருவாடு கழுவிய தண்ணீர் என்று நாற்ற வைத்தியங்கள் வேறு இருக்கின்றன. முதல் இரண்டு நாள் அணில் தயங்கும், மூன்றாம் நாள் பழகிவிடும். கருவாட்டுத் தண்ணீர் அணிலை விரட்டுகிறதோ இல்லையோ, அக்கம்பக்கத்துப் பூனைகளையெல்லாம் கூட்டி வருகிறது. பூனை வந்தால் அணில் வராது என்று சமாதானம் சொல்வாரும் உண்டு, ஆனால் அந்தப் பூனை செடி மண்ணைப் பறிப்பதற்கு யார் பதில் சொல்வது? நாயைக் கட்டிப் பார்த்தவர்கள் கண்டதெல்லாம் அணில் ஏறவிட்ட நாய்தான். அண்ணாந்து பார்த்துக் குரைத்து ஓய்ந்தது.

அந்துருண்டையைத் துணியில் முடிந்து செடியில் தொங்கவிடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. இதைக் கைவிட வேண்டும். அது நச்சுப் பொருள். மிட்டாய் போலத் தெரிவதால் சிறு பிள்ளைகள் வாயில் போட்டுக் கொள்ளும் ஆபத்து உண்டு. சாப்பிடும் பழத்தின் பக்கத்தில் அதற்கு இடமில்லை.

பழைய பாட்டுக் கேசட்டின் நாடாவை உருவிச் செடிக்கு மேலே முறுக்கிக் கட்டினால் மெட்டுக் காற்றில் அது மின்னிக் கொண்டே விர்ரென்று ஓசை எழுப்பும். சிடித் தகடுகளைத் தொங்க விடுவாரும் உண்டு. குருவிக்கு இது கொஞ்ச நாள் பயம் காட்டும். அணில் ஒரு வாரத்தில் தகட்டில் முகம் பார்த்துவிட்டுப் பழத்தைக் கடிக்கும்.

தண்ணீர் வைத்தால் தணியுமா?

மெட்டில் தக்காளி பழுப்பது பெரும்பாலும் மழை ஓய்ந்து காடு காயத் தொடங்கும் தை, மாசியில். ஓடை வற்றும் அந்தக் காலத்தில், தாகத்துக்காகவே அணில் தக்காளியைக் கடிக்கிறது என்று அனுபவஸ்தர்கள் சொல்கிறார்கள். ஒரு வாயோடு பழத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதைப் பார்த்தால் அதில் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றுகிறது. செடிக்குப் பத்தடி தள்ளி, மரத்தடியில், தேங்காய்ச் சிரட்டையிலோ மண்சட்டியிலோ தண்ணீர் வைத்துப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. கொசு முட்டையிடாமல் தினமும் கொட்டி மாற்ற வேண்டும். தண்ணீரோடு நின்றுகொள்வது உத்தமம். 'பாவம், பசிக்குமே' என்று கூடவே சோறும் வைத்தால் நாலு அணில் வந்த இடத்தில் நாற்பது வரும்.

செடி வைத்திருக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். பலா மரத்தடியிலோ, மிளகுக் கொடி ஏறிய முள்முருங்கையை ஒட்டியோ சாக்கை வைத்துவிட்டு அணில் வருகிறதென்று அழுது பயனில்லை. மரத்திலிருந்து ஒரே தாவலில் செடிக்கு வருகிறது, ஆள் நிழல் கண்டால் ஒரே தாவலில் மரத்துக்குப் போகிறது. மறைவில்லாத வெட்ட வெளியில் நடந்து வர அணிலுக்கு அச்சம். பருந்து பார்க்கும் அல்லவா? சாக்குச் செடியில் உள்ள வசதி, அதை நகர்த்தலாம் என்பதுதான். தென்னையில் எலி ஏறாமல் தகரப் பட்டை அடிப்பது போல மரத்தில் அடிக்கலாம். ஆனால் பக்கத்து மரக்கிளை உரசிக் கொண்டிருந்தால் தகரம் அழகுக்குத்தான்.

வலை

உறுதியாகத் தடுப்பது வலைதான். இதிலும் ஏமாறுவதற்கு இடமுண்டு. வெளிநாட்டுத் தோட்டக்காரர்கள் கோழிவலை போதும் என்று சொல்வது அங்கேயுள்ள பருத்த சாம்பல் அணிலை நினைத்து. நம் அணில் சிறிசு. பெரிய கண் வலையில் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். அரை அங்குலத்துக்கு மேல் கண் இருக்கக் கூடாது. நைலான் வலை மலிவு. ஆனால் கொறிக்கும் பிராணிகளுக்கு முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்து கொண்டே இருப்பதால் எதையாவது கொறித்துத்தான் ஆக வேண்டும். நைலானை ஒரே நாளில் கத்தரித்துவிடும். இரும்புக் கம்பி வலை நிற்கும், காசு கூட.

முழுச் செடியையும் மூட வசதியில்லாதவர்கள் கொத்தை மட்டும் மூடுகிறார்கள். கிழிந்த கொசுவலையில் சின்னப் பை தைத்து, பழம் நிறம் மாறும் முன்பே கொத்தின்மேல் போட்டுக் காம்பில் நூலால் கட்டிவிடுவது. காற்று போகும், வெயில் படும், தெளித்த மருந்து போல மழையில் கரையாது. பிளாஸ்டிக் பையைக் கட்டுகிறவர்கள் ஊசியால் நிறைய ஓட்டை போட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துப் பழம் அழுகும். கோக்கோக் காய்க்கும் இந்த ஓட்டைப் பை வைத்தியம் உண்டு.

வலையின் அடி விளிம்பைத் தொளதொளவென்று தரையில் விடக் கூடாது. மலங்காட்டில் சாரையோ நல்லதோ அதில் சிக்கிக் கொண்டு கிடந்தால், காலையில் தண்ணீர் ஊற்றப் போகிறவர் பாடு ஆபத்து. இழுத்துக் கட்டி மண்ணில் புதைக்க வேண்டும்.

செங்காயில் பறித்தால்...

இத்தனைக்கும் மேலே, பைசாச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. நம் ஊரில் மாங்காய்க்கும் வாழைக்கும் செய்வதைத் தக்காளிக்குச் செய்யப் பலருக்குத் தோன்றுவதில்லை. பழம் செடியிலேயே முழுக்கச் சிவக்க வேண்டும் என்று காத்திருப்பதால்தான் அணில் முந்திக் கொள்கிறது.

தக்காளிக் காய் முழு அளவுக்கு வளர்ந்து, பச்சை வெளுத்து, பூ உதிர்ந்த அடிப்பக்கத்தில் இலேசாக ரோஜா நிறம் தட்டும். அதுதான் செங்காய்ப் பருவம். அந்த நிலைக்கு வந்துவிட்டால் பழுப்பதற்குச் செடியின் தயவு தேவையில்லை. காய்க்குள்ளேயே எத்திலீன் என்ற வாயு உண்டாகி, அதுவே பழுக்க வைத்துவிடும். வாழைத்தாரை மூட்டம் போடும்போது நடப்பதும் இந்த எத்திலீனின் வேலைதான். முழுப் பச்சைக் காயை அணில் அவ்வளவாகத் தேடி வருவதில்லை. நன்றாகச் சிவந்ததைத்தான் குறி வைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் அந்த இரண்டு மூன்று நாள் மனிதருக்கு.

பறித்த செங்காயைக் காம்பு கீழே வரும்படி கவிழ்த்து, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல், வைக்கோலிலோ பழைய செய்தித்தாளிலோ பரப்பி வைக்கலாம். அரிசிப் பானையில் புதைத்து வைப்பதும் நல்லதே. ஒரு பழுத்த வாழைப்பழத்தைக் கூட வைத்தால் சீக்கிரம் சிவக்கும். வெயிலில் வைக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்கக் கூடாது, அங்கே வைத்தால் பழுப்பது நின்று ருசியும் கெடும். கீழே கம்பத்தில் மூன்று நாலு நாளில் சிவந்துவிடும் காய், மெட்டின் மார்கழிக் குளிரில் ஒரு வாரம்கூட எடுத்துக் கொள்ளலாம். அடுப்பங்கரையின் இளஞ்சூட்டில் வைத்தால் தாமதம் குறையும்.

ருசி? செடியில் கனிந்த பழத்துக்கு ஒரு படி தித்திப்புக் கூடத்தான். ஆனால் சந்தையில் வாங்குகிற தக்காளி மட்டும் என்ன, செடியில் கனிந்தா லாரி ஏறுகிறது? அதுவும் செங்காயில் பறித்ததுதான்.

முன்னே சொன்ன அம்மாளும் மிளகாய், நாடா, கருவாடு எல்லாவற்றையும் கடந்து இதற்குத்தான் வந்து சேர்ந்தார். காலையில் தோட்டத்துக்குக் கிளம்புமுன் எட்டுச் செடியையும் ஒரு சுற்று பார்த்து, நிறம் தட்டியதைக் கிள்ளி அரிசிப் பானையில் போட்டுவிடுகிறார். விதைக்கென்று ஒரு நல்ல கொத்தை மட்டும் கொசுவலைப் பைக்குள் விட்டு வைக்கிறார்.

அணில் கடித்துப் போட்ட பழத்தை, கடித்த இடத்தை மட்டும் அரிந்துவிட்டுக் குழம்பில் போடும் சிக்கனம் வேண்டாம். கடித்தது எலியாகவும் இருக்கலாம், கேரளத்தில் எலிக்காய்ச்சல் ஆண்டுதோறும் உயிர்களைக் கொண்டு போகிறது. கீழே சிதறியதைக் கூட்டி அள்ளிக் குழியில் புதைத்துவிட வேண்டும். வாசனை பிடித்து அடுத்த நாளும் வராமல் இருக்க அது உதவும்.

அடுத்த பருவத்துக்கு விதை வாங்குகிறவர்கள் வெள்ளானிக்கரையிலுள்ள கேரள வேளாண்மைப் பல்கலைக் கழகம் வெளியிட்ட சக்தி, முக்தி, அனகா ரகங்களைக் கேட்டு வாங்கலாம். வாடல் நோயைத் தாங்கும் ரகங்கள் இவை. நோயில் போகும் நாலு செடியும் பிழைத்தால், அணிலுக்கு ஒன்றிரண்டு போனாலும் வீட்டுக்குக் கட்டும். பெருமழை ஓய்ந்தபின் ஐப்பசியில் நாற்று நட்டால் தையில் செங்காய் பறிக்கலாம்.